கிரேடிங்குக்கு அனுப்பும் முன்: சேகரிப்பு கார்டுகள், வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போகிமான், விளையாட்டு வீரர் படம் போட்ட சேகரிப்பு கார்டுகளுக்குக் கிரேடிங், கிரேடிங் என்கிறார்கள். அங்கே கார்டை என்னதான் செய்வார்கள்? எந்த நிறுவனத்துக்கு அனுப்புவது?

பதில்: அங்கே நடப்பது மூன்று வேலை. முதலில் கார்டு அசல்தானா என்று பார்ப்பார்கள். அடுத்து, யாராவது ஓரத்தை வெட்டியோ சாயம் பூசியோ கைவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் தேறினால், நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணும் சான்று எண்ணும் அச்சிட்ட சீட்டோடு கார்டைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடிவிடுவார்கள். அந்த உறைக்குத்தான் ஸ்லாப் என்று பெயர்.

தரம் போடும் நிறுவனங்களில் பி.எஸ்.ஏ. (PSA) 1991-ல் தொடங்கியது. பெக்கெட் 1999-லிருந்து கிரேடிங் செய்கிறது. காமிக்ஸ் புத்தகங்களுக்குத் தரம் போட்டுவந்த சி.ஜி.சி. 2020-ல் கார்டுக்கும் வந்தது. எஸ்.ஜி.சி. 2024-லிருந்து பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இவற்றில் எது சிறந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் அதே கார்டு, எந்த நிறுவனத்தின் ஸ்லாபில் என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள். விற்பவர்கள் கேட்கும் விலை கணக்கில் வராது. உண்மையில் விற்று முடிந்த விலைதான் கணக்கு. விற்கும் எண்ணமே இல்லை, பாதுகாப்பாக வைத்துக்கொண்டால் போதும் என்றால், உங்கள் தொகுப்பில் ஏற்கெனவே இருக்கும் ஸ்லாப் எந்த நிறுவனத்துடையதோ அதற்கே அனுப்புங்கள். அலமாரியில் ஒரே அளவாக நிற்கும்.

கேள்வி: என்னிடம் நாற்பது போகிமான் கார்டு பளபளவென்று புதிதாக இருக்கிறது. பேக்கில் இருந்து எடுத்ததும் ஸ்லீவில் (மெல்லிய பிளாஸ்டிக் உறையில்) போட்டுவிட்டேன். நாற்பதையும் அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். பேக்கில் இருந்து நேராக ஸ்லீவுக்குப் போன கார்டு என்றால் 10 வரும் என்ற நம்பிக்கையில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். வெட்டும் இயந்திரம் சற்று நகர்ந்தால் சென்டரிங், அதாவது படம் கார்டின் நடுவில் அமைவது, போய்விடும். அச்சு உருளை ஃபாயிலில் (மின்னும் உலோகத் தகடு போன்ற அடுக்கில்) கோடு போட்டிருக்கும். பேக் செய்யும்போதே மூலை இடித்திருக்கும். இவற்றில் எதுவும் உங்கள் தவறில்லை. ஆனால் தரம் போடுபவர் காரணத்தைப் பார்ப்பதில்லை, கார்டைத்தான் பார்க்கிறார்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஸ்லாப் இல்லாமல் விற்றால் 100 கிடைக்கும் கார்டு என்று வைத்துக்கொள்வோம். 8 வந்தால் 90, 9 வந்தால் 130, 10 வந்தால் 400. கட்டணம், போக வர அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்ந்து 90. கார்டை நன்றாகப் பார்த்த பிறகு 10 வர 25 சதவீதம், 9 வர 50, 8 வர 25 என்று மதிப்பிடுகிறீர்கள். 400-ல் கால்வாசி 100, 130-ல் பாதி 65, 90-ல் கால்வாசி 22.5, ஆக 187.5. செலவு 90-ஐக் கழித்தால் மிஞ்சுவது 97.5. அப்படியே விற்றிருந்தால் 100! அதே கார்டுக்கு 10 வரும் வாய்ப்பு 30 சதவீதமாகவும் 8 வரும் வாய்ப்பு 20 ஆகவும் இருந்தால் மிஞ்சுவது 113. ஐந்து சதவீதம் மாறினால் லாபம் நட்டமாகிவிடுகிறது. அந்த ஐந்து சதவீதத்தை உங்கள் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே நாற்பதையும் மேசையில் வைத்து, அடுத்த பதிலில் சொல்லும் முறையில் பாருங்கள். பத்து பன்னிரண்டு தேறினால் நல்ல தொகுப்பு என்றே சொல்லலாம்.

கேள்வி: வீட்டிலேயே கார்டைச் சோதிக்க என்னென்ன வேண்டும்? எந்த வரிசையில் பார்ப்பது?

பதில்: கழுத்தை வளைக்கக்கூடிய வெள்ளை எல்.இ.டி. மேசை விளக்கு, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், மில்லிமீட்டர் கோடுள்ள ஒளி ஊடுருவும் அளவுகோல், புதிய மைக்ரோஃபைபர் துணி, விரிக்க ஒரு கறுப்பு மெத்தென்ற பாய். பழைய கார்டு என்றால் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கும் வேண்டும். கையைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு உட்காருங்கள். கார்டை ஸ்லீவை விட்டு வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்லீவின் கீறலும் கார்டின் கீறலும் ஒன்றுபோலத் தெரியும்.

முதலில் மேற்பரப்பைப் பாருங்கள். அநேகரை ஏமாற்றும் இடம் அதுதான். நேர் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாக் கார்டும் நன்றாகத்தான் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, வெளிச்சம் கார்டின் மேல் ஏறக்குறையப் படுத்தாற்போல் விழச் செய்யுங்கள். கார்டின் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். வெளிச்சப் பட்டை கார்டின் மேல் நகர்ந்துபோகும். அது நகரும்போது கண்ணைப் பட்டையின் விளிம்பில் வையுங்கள். ஹோலோ பகுதியில் (வானவில்போல் மின்னும் இடத்தில்) நேர்கோடாக மேலிருந்து கீழே ஓடினால் அது பெரும்பாலும் அச்சுக் கோடு. கண்ட திசையில் முடிபோல் வளைந்து கிடந்தால் கீறல். பட்டை ஓரிடத்தில் சட்டென்று வளைந்து மீண்டால் அங்கே குழிவு இருக்கிறது. நகம் பட்ட இடம், பைண்டரின் வளையம் அழுத்திய இடம், மேலே இன்னொரு கார்டு இருக்கும்போது நடுவில் சிக்கிய மணல்துகள் எல்லாம் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். குழிவு கண்ணுக்கு மிகச் சிறிதாகத் தெரிந்தாலும் 10 கிடைக்காது. முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கத்தையும் இதேபோல் பாருங்கள். பின்பக்கத்தைப் பார்க்காமல் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து மூலைகள். முன்னே நான்கு, பின்னே நான்கு, ஆக எட்டையும் லூப்பில் பாருங்கள். மூலை கூராக இருந்தால் மட்டும் போதாது. அட்டையின் இழை பிரிந்து பஞ்சுபோல் நீட்டிக்கொண்டிருக்கிறதா, அடுக்கு விரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின் ஓரங்கள். கறுப்பு, நீலம் போன்ற அடர்நிற ஓரமுள்ள கார்டில் சாயம் உதிர்ந்தால் உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். போகிமான் கார்டின் நீலப் பின்பக்கத்தில் இது முதலில் தெரிவது கீழ் ஓரத்திலும் மூலைகளிலும். கார்டைக் கறுப்புப் பாயில் வைத்துப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அது தப்பிவிடும்.

புற ஊதா விளக்கு எதற்கு என்றால், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அட்டைகளில் காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிரும் வேதிப்பொருள் கிடையாது. அந்தக் காலத்துக் கார்டு என்று சொல்லப்படுவது விளக்கின் கீழ் நீலவெள்ளையாக மின்னினால் அது பிற்காலத்து நகல். ஓரத்தில் பேனா பூசியிருந்தாலும் அந்தச் சாயம் சுற்றியுள்ள அச்சுமையிலிருந்து வேறாகத் தெரியும்.

கேள்வி: சென்டரிங் 55/45 என்று எழுதுகிறார்களே, அதை எப்படி அளப்பது?

பதில்: படத்தின் இடதுபுற ஓரப் பட்டையின் அகலத்தையும் வலதுபுற ஓரப் பட்டையின் அகலத்தையும் அளந்து கூட்டுங்கள். பெரியதைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் முதல் எண் வந்துவிடும். இடது 1.6 மி.மீ., வலது 2.2 மி.மீ. என்றால் மொத்தம் 3.8, 2.2-ஐ 3.8-ஆல் வகுத்தால் 0.58. அந்தக் கார்டு 58/42. மேல், கீழ் ஓரங்களுக்கும் இதேபோல் செய்து, இரண்டில் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்.ஏ.வில் 10 வாங்க முன்பக்கம் 60/40 வரை இருக்கலாம் என்று நெடுங்காலம் இருந்தது. 2025 தொடக்கத்தில் அதை 55/45 என்று இறுக்கிவிட்டார்கள். பின்பக்கத்துக்கு 75/25. மேலே சொன்ன 58/42 கார்டு முன்பு 10-க்குத் தகுதி, இப்போது 9-ஐத் தாண்டாது. மொத்த ஓரம் 3.8 மி.மீ. உள்ள கார்டில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 0.38 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யும் அளவு இல்லை இது. கார்டை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து திரையில் புள்ளிகளை எண்ணுங்கள். அந்த அளவில் 1 மி.மீ.க்குச் சுமார் 24 புள்ளி வரும். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வையுங்கள், கார்டை அதன் மேல் இழுக்காதீர்கள். ஓரமே இல்லாமல் முழுப்படமாக உள்ள கார்டில் பெயர்ப்பட்டை, உட்கோடு, பின்பக்கச் சட்டம் இவற்றை வைத்து அளக்க வேண்டும்.

படம் நடுவில் இருந்தும் சற்றே சாய்ந்து அச்சாகியிருந்தால்? ஓரத்தின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் வேறாக வந்தால் வெட்டு சாய்ந்திருக்கிறது. அதற்கும் தரம் குறையும்.

கேள்வி: கார்டில் விரல் ரேகை இருக்கிறது. துடைத்து அனுப்பலாமா? சிலர் ஓரத்தில் தெரியும் வெள்ளையை மார்க்கர் வைத்து மறைக்கச் சொல்கிறார்கள். ஃபாயில் கார்டு வளைந்தும் போயிருக்கிறது.

பதில்: மூன்றுக்கும் மூன்று பதில்.

விரல் ரேகையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடைத்து எடுக்கலாம். கார்டின் நடுவிலிருந்து வெளியே நோக்கி, ஒரே திசையில், விரலின் எடைகூட விழாத அளவுக்கு. முதலில் ஊதும் பம்பால் தூசியை நீக்கிவிடுங்கள்; தூசியோடு துடைத்தால் அந்தத் துகளே கீறிவிடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், அதனால் பம்ப்தான். ஆல்கஹால், மூக்குக் கண்ணாடித் திரவம், தண்ணீர் எதுவும் கூடாது. ஃபாயிலில் நிரந்தரத் தழும்பு விழும். திரவம் பட்டதைக் கண்டுபிடித்தால் சுத்தம் செய்யப்பட்ட கார்டு என்று திருப்பியும் அனுப்புவார்கள்.

மார்க்கரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அது ஏமாற்று வேலை. எண் கிடைக்காது என்பதோடு முடிவதில்லை. நாளை அந்தக் கார்டை வாங்குகிறவரின் பணமும் போகிறது. ஓரத்தை வெட்டுவதும் அப்படியே. 1991-ல் பி.எஸ்.ஏ. தரம் போட்ட முதல் கார்டே, டி206 என்ற பழைய பேஸ்பால் கார்டு வரிசையில் வந்த ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு. அதற்கு 8 கொடுத்தார்கள். ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ அந்தக் கார்டின் ஓரத்தைத் தாமே வெட்டியதாக 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இன்று வரை அந்தக் கார்டைப் பற்றிப் பேசினால் அந்த வெட்டைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள்.

வளைவுக்குக் காரணம் ஈரப்பதம். காகித அடுக்கு ஈரத்தை உறிஞ்சி விரியும், ஃபாயில் அடுக்கு விரியாது. அதனால் கார்டு ஃபாயில் பக்கமாகக் கிண்ணம்போல் குழியும். காற்று மிகவும் காய்ந்திருந்தால் எதிர்ப்பக்கம் வளையும். இஸ்திரிப்பெட்டி, ஹேர் டிரையர், கனமான புத்தகத்துக்கு அடியில் வைப்பது எல்லாம் ஆபத்து. ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் பை ஒன்றைப் போட்டு, மூடிய டப்பாவில் ஸ்லீவோடு இரண்டு மூன்று வாரம் வையுங்கள். பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துவிடும்.

கேள்வி: பேக்கிங் எப்படிச் செய்வது? டாப்லோடரில் போட்டு அனுப்பினால் பத்திரம்தானே?

பதில்: வீட்டில் வைக்க டாப்லோடர் (மேலே வாய் திறந்த விறைப்பான பிளாஸ்டிக் உறை) நல்லது, அனுப்ப அல்ல. அதன் பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்காது. கார்டை வெளியே எடுக்கத் தட்டவோ இழுக்கவோ வேண்டும், அப்போது மூலை போகும். பக்கவாட்டில் லேசாக அமுக்கினால் வாய் திறக்கும் செமி ரிஜிட் ஹோல்டர்தான் வேண்டும். கார்டு சேவர் 1 என்ற வகை எல்லோரும் பயன்படுத்துவது. திருகாணி போட்டு இறுக்கும் உறை எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

புதிய பென்னி ஸ்லீவ் (மலிவான மெல்லிய ஸ்லீவ்) எடுங்கள். பழைய ஸ்லீவுக்குள் தூசி இருக்கும். ஸ்லீவின் வாயை விரலால் சற்று விரித்துக்கொண்டு, கார்டின் ஒரு மூலையை முதலில் உள்ளே விட்டு, பிறகு மற்ற மூலையை விடுங்கள். இரண்டு மூலையையும் ஒன்றாகத் தள்ளினால்தான் ஸ்லீவின் விளிம்பில் இடிக்கும். வீட்டிலேயே மூலை கெட்டுப்போவது அநேகமாக இந்த இடத்தில்தான். ஸ்லீவின் மேல்விளிம்பில் ஒட்டிப் பிரிக்கக்கூடிய சின்னச் சீட்டுத் துண்டு ஒன்றைக் கைப்பிடிபோல் ஒட்டிவிட்டால் அங்கே எடுப்பவருக்கு எளிது. சீட்டு கார்டில் படக்கூடாது. ஸ்லீவின் வாயை டேப்பால் மூடவும் வேண்டாம். பிறகு ஹோல்டரைப் பக்கவாட்டில் அமுக்கி ஸ்லீவை இறக்குங்கள்.

உள்ளே விளையாட்டு வீரரின் ஜெர்சித் துண்டு வைத்த தடித்த கார்டு என்றால் தடிமனைப் பாயிண்டில் பார்க்க வேண்டும். ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 130 பாயிண்ட் கார்டு 3.3 மி.மீ. தடிமன். அதைச் சாதாரண ஹோல்டரில் திணித்தால் ஓரம் நசுங்கும், அந்தத் தடிமனுக்கான ஹோல்டரை வாங்குங்கள். படிவத்திலும் தடிமனைக் குறிப்பிடுங்கள்.

படிவத்தில் எந்த வரிசையோ அதே வரிசையில் ஹோல்டர்களை அடுக்குங்கள். பதினைந்து இருபதுக்கு ஒரு கட்டு போதும். கட்டின் முன்னும் பின்னும் ஹோல்டரைவிடச் சற்றுப் பெரிய கெட்டி அட்டை வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். அட்டை ஹோல்டரைவிடச் சிறியதாக இருந்தால் ரப்பர் பேண்ட் ஹோல்டரைக் கவ்வும், உள்ளே கார்டு வளையும். பேண்டைத் தூக்கி விட்டால் சுலபமாக விரல் நுழைய வேண்டும், அந்த அளவு தளர்வு. கட்டைக் குமிழி உறையில் சுற்றி, தபால் கவரில் அல்ல, பெட்டியில் வையுங்கள். மூடிய பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். ஏதாவது அசையும் சத்தம் கேட்டால் இன்னும் காகிதம் அடைக்க வேண்டும். நுரைத் துகள்களைக் கொட்டி அடைக்காதீர்கள், கட்டு அவற்றுக்குள் மூழ்கி அடியில் போய் இடிக்கும்.

மூடும் முன் ஒவ்வொரு கார்டையும் முன்னும் பின்னும் படமெடுத்து வையுங்கள். இழப்பு நேர்ந்தாலும், சுங்கத்தில் கேள்வி வந்தாலும், திரும்பி வந்த கார்டில் புதுக் குழிவு தெரிந்தாலும் அந்தப் படம்தான் சாட்சி. வேறு நாட்டுக்கு அனுப்புகிறவர்கள், பொருள் தரமிடப்பட்டுத் திரும்பி வரப் போகிறது என்பதற்கான தாள்களை அனுப்பும்போதே உங்கள் சுங்கத்துறையில் பதிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சொந்தக் கார்டுக்கே இறக்குமதி வரி கட்ட நேரும்.

கேள்வி: படிவத்தில் கார்டின் மதிப்பு கேட்கிறார்கள். குறைத்துப் போட்டால் கட்டணம் குறையுமே?

பதில்: அங்கே கேட்பது, நீங்கள் எதிர்பார்க்கும் எண் கிடைத்த பிறகு கார்டின் மதிப்பு. எந்தக் கட்டண வகுப்பு, திரும்பி வரும்போது எவ்வளவுக்குக் காப்பீடு, இரண்டும் அதை வைத்துத்தான். குறைத்துப் போட்டு, வழியில் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். எண் உயர்ந்து மதிப்பு வகுப்பின் வரம்பைத் தாண்டினால் மேல்வகுப்புக் கட்டணத்தை வாங்கிவிடவும் செய்வார்கள். நேர்மையாகப் போடுங்கள்.

கார்டின் ஆண்டு, தொகுப்பு, எண், வகை நான்கையும் சரியாக எழுதுங்கள். ஒரே படம் சாதாரணம், ரிவர்ஸ் ஹோலோ (படத்தை விட்டு மற்றப் பகுதி மின்னுவது), முதல் பதிப்பு என்று மூன்று வகையில் வந்திருக்கும். மாற்றி எழுதினால் ஆராய்ச்சிக் கட்டத்தில் நின்றுபோகும், தவறான சீட்டோடு வந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். இன்னொன்று: இருபது வேலை நாள் என்றால் பெட்டி போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். பெட்டியைத் திறந்து கணினியில் பதிந்த பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும். குறிப்பிட்ட தேதிக்கு வேண்டும் என்றால் அந்த இடைவெளியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கார்டு ஒன்று எண்ணே இல்லாமல், அளவு குறைவு என்று திரும்பி வந்தது. நான் வெட்டவே இல்லை. என்னைத் திருடன் என்கிறார்களா?

பதில்: இல்லை, மனம் நோக வேண்டாம். பி.எஸ்.ஏ.வில் திருப்பி அனுப்பும் காரணங்களுக்குத் தனித்தனிக் குறியீடு உண்டு. என்1 என்றால் வெட்டியதற்கான தடயம் தெரிகிறது என்று பொருள். உங்களுக்கு வந்திருப்பது என்6; அந்தத் தொகுப்புக்கு உரிய அளவை விடக் கார்டு சிறிது என்பது மட்டுமே அதன் பொருள். ஆலையிலேயே சில தாள்கள் சிறிதாக வெட்டப்படுவதுண்டு. வெளிநாட்டு விளையாட்டு வீரர் கார்டுகள் பெரும்பாலும் 63.5 × 88.9 மி.மீ., போகிமான் 63 × 88, யு-கி-ஓ 59 × 86. அதே தொகுப்பைச் சேர்ந்த இன்னொரு கார்டை அதன் மேல் ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள்; ஒரு பக்கம் மட்டும் உள்ளே போயிருந்தால் சந்தேகப்பட வேண்டும். பிறரிடம் வாங்கிய கார்டு என்றால் விற்றவரிடம் கேளுங்கள். இனிமேல் அனுப்பும் ஒவ்வொன்றையும் இப்படி அடுக்கிப் பார்த்துவிட்டே அனுப்புங்கள்.

கேள்வி: பெக்கெட் ஸ்லாபில் நான்கு சிறு எண்கள் இருக்கின்றன. மூன்று 9.5, ஒன்று 9. மொத்தம் 9.5 என்கிறது. எப்படி?

பதில்: சென்டரிங், மூலை, ஓரம், மேற்பரப்பு நான்குக்கும் தனி எண். மொத்த எண் வெறும் சராசரி அல்ல, மிகக் குறைந்த எண் கீழே இழுக்கும். ஆனால் ஒன்று மட்டும் அரைப்புள்ளி குறைந்திருந்தால் மொத்தம் 9.5-ஆகவே நிற்கும். நான்கும் 10 வந்தால் கறுப்புச் சீட்டு, அது மிக அபூர்வம்.

கேள்வி: பழைய 9 ஸ்லாபை உடைத்து மறுபடி அனுப்பினால் 10 வருமா?

பதில்: உடைக்கும் முன் ஸ்லாபோடு வைத்து, விளக்கைத் தாழ்த்தி, ஏன் 9 என்று தேடுங்கள். காரணம் கண்ணில் பட்டால் உடைக்க வேண்டாம், அந்தக் காரணம் மறுபடியும் அவர்கள் கண்ணில் படும். சென்டரிங் வரம்பு இறுகிவிட்டதால் பழைய ஸ்லாபின் எண் கீழே இறங்கவும் கூடும். வேறு நிறுவனத்துக்கு மாற்ற விரும்பினால் கிராஸ்ஓவர் முறையில், ஸ்லாபை உடைக்காமல், இத்தனைக்குக் கீழே வேண்டாம் என்று குறைந்தபட்ச எண்ணைப் படிவத்தில் எழுதி அனுப்பலாம். அந்த எண் தேறாவிட்டால் பழைய ஸ்லாபிலேயே திரும்பி வரும். கட்டணம் மட்டும் போகும்.

கேள்வி: ஸ்லாபே போலியாக வருகிறதாமே?

பதில்: வருகிறது. சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது, உண்மையான எண்ணையே நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அங்கே கார்டின் படம் இருந்தால் உங்கள் கையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்: ஓரப் பட்டையின் அகலம், அச்சுப் புள்ளி, ஹோலோ விழுந்திருக்கும் இடம். ஹோலோ வடிவம் கார்டுக்குக் கார்டு மாறும், அதைப் போலி செய்வது கடினம். ஸ்லாபின் நான்கு ஓரமும் ஒட்டிய கோட்டை லூப்பில் பாருங்கள். பிரித்து மறுபடி ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் பால்போல் வெளுத்தோ பசை வழிந்தோ இருக்கும்.